300 நாள் லீவை விற்றுவிட்டு வந்தவள்

2022 மே 31ஆம் தேதி சாயங்காலம், கழுத்தில் ஒரு சந்தன மாலை, மடியில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, கையில் ஒரு ஃபைல் என்று ஆட்டோவில் நங்கநல்லூர் வந்து இறங்கினேன். அந்த ஃபைலில் இருந்த காகிதங்களில் ஒன்று என் லீவுக் கணக்கு. மத்திய அரசு வேலையில் வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறும். எடுக்காமல் சேர்த்தால் ரிடையர் ஆகும்போது 300 நாள் வரை காசாக்கிக்கொள்ளலாம். 36 வருடத்தில் நான் அந்த 300ஐத் தொட்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பிரிவு உபசார விழாவில் அதைச் சொல்லித்தான் என்னைப் புகழ்ந்தார்கள். "லீவே போடாத அம்மா."

நடுவில் ஊர் சுற்றவென்றே எடுத்த லீவை எண்ணினால் இரண்டு கை விரல் தாண்டாது. ஊர் போய்வர அரசே செலவு தரும் எல்டிசி சலுகை கூட பாதி முறை எடுக்காமலே காலாவதி ஆனது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ரிடையர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்.

அப்புறம் மூன்று வருடம் ஓடிவிட்டது. 2025 ஏப்ரலில் ஒரு மத்தியானம் மின்சாரம் போய், செய்ய வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் சென்னை எல்லையைத் தாண்டியது ஐந்து முறை. மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு.

நேரம் எங்கே போகிறது என்று எங்கள் வயதுக்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் 88 வயது மாமியாருக்குக் காபி, மாத்திரை, வெந்நீர். மகளும் மாப்பிள்ளையும் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிறுசேரியில் வேலை. பேரனை எட்டரை மணிக்கு ஸ்கூலில் விடுவது என் கணவர், 3.20க்குக் கூட்டி வருவது நான். ஆறரை மணி வரை அவன் எங்கள் பொறுப்பு. கணவர் வங்கியில் இருந்து ரிடையர் ஆனவர். ஆன மறு மாதமே எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செகரட்டரி. "கணக்குத் தெரிஞ்ச ஆள், வீட்டுல சும்மாதானே இருக்கார்" என்று சொல்லியே தலையில் கட்டினார்கள். மோட்டார், சம்ப், தண்ணி லாரி, லிஃப்ட் சர்வீஸ், வாட்ச்மேன் சண்டை எல்லாம் எங்கள் வீட்டு ஹாலில்தான் நடக்கும். எனக்குச் சொந்தக்காரர்களுக்கு பென்ஷன் படிவம் நிரப்பித் தரும் வேலை. அதற்குக் கூலி, ஒரு டஜன் வாழைப்பழம்.

வேலை அதிகம் என்பதல்ல என் குறை. ஆபீசில் இதைவிட அதிகம் இருந்தது. ஆனால் அங்கே லிங்க் ஆபீசர் என்று ஒருவர் உண்டு. நான் லீவில் போனால் என் சீட்டைப் பார்க்க இன்னார் என்று முன்கூட்டியே ஆர்டரில் பெயர் இருக்கும். எந்த ஃபைல் எங்கே நிற்கிறது என்று எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். வீட்டில் எனக்கு லிங்க் ஆபீசர் கிடையாது. லீவு கேட்க மேலதிகாரியும் இல்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால்தான் கிடைக்கவே இல்லை. இது புரிய எனக்கு மூன்று வருடமும், கெட்டுப்போன இரண்டு பயணங்களும் தேவைப்பட்டன.

முதல் பயணம் கொடைக்கானல். டிக்கெட் போடும் கட்டம் வரைகூட அது வரவில்லை. "தை பொறக்கட்டும் போகலாம்", "பரீட்சை முடியட்டும் போகலாம்" என்று பேச்சிலேயே செத்துப்போனது. இரண்டாவது 2024 தசராவுக்கு மைசூர். டிக்கெட் எடுத்தோம், ரூம் போட்டோம். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மோட்டார் புகைந்துவிட்டது. "செகரட்டரி ஊர்ல இல்லைன்னா எப்படி?" என்று ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் என் கணவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். மூன்றடுக்கு ஏசி, 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ததால் ஆளுக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் பிடித்தார்கள். பணம் பெரிதில்லை. அந்த மோட்டாரை மெக்கானிக் மறுநாளே கழற்றிக்கொண்டு போய், உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி, மூன்றாம் நாள் மாட்டிவிட்டார். நாங்கள் மைசூர் கிளம்ப வேண்டிய நாளன்று குழாயில் தண்ணீர் கொட்டியது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் எண்ணி முடித்த அன்றே, மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை எடுத்து சிவப்புப் பேனாவால் கோடு போட ஆரம்பித்தேன். இதைப் படிக்கிறவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். ஜனவரி பொங்கல், அடுத்த இரண்டு மாதம் தை, மாசி முகூர்த்தங்கள். மார்ச்சில் பேரனுக்குப் பரீட்சை. ஏப்ரல், மே அவனுக்கு லீவு. அதாவது எங்களுக்கு இரட்டை டியூட்டி, தவிர எந்த மலைக்குப் போனாலும் மலையைவிடக் கூட்டம் பெரிது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் ஸ்கூல் திறப்பு. ஆவணியில் மறுபடி கல்யாணங்கள். புரட்டாசியில் கொலு. ஐப்பசி, கார்த்திகையில் தீபாவளியும் மழையும். மழை என்றால் நங்கநல்லூர்க்காரர்கள் ஊரைவிட்டு அசைய மாட்டோம், சம்ப்பில் தெருத்தண்ணீர் புகாமல் காவல் இருக்க வேண்டும். மார்கழியில் கச்சேரி, அதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நவம்பர் முழுவதையும் கணவர் தானாகவே அடித்துவைத்திருந்தார். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். அதை நான் அழித்தேன். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், திருநெல்வேலியில் இருந்தாலும் திரிபுராவில் இருந்தாலும். போன் ஒத்துழைக்காவிட்டால் தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்து 70 ரூபாயில் முடிக்கலாம். அதற்காக ஒரு மாதத்தைப் பூட்டிவைக்க வேண்டாம்.

கடைசியில் காலண்டரில் சிவப்பு படாமல் மிஞ்சியது ஆடி. பத்திரிகையே வராத மாதம். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. சொந்தக்காரர்கள் யாரும் "நீங்க வந்தே ஆகணும்" என்று போன் செய்ய மாட்டார்கள். ஜூலையில் வருமான வரிக் கணக்கு ஒன்று இருந்தது, அந்த வருடம் அதன் கெடுவையும் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். ஆடியில் எங்கே போவது என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கி, குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலம். நான் கடைசியாகக் குற்றாலம் பார்த்தது ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில்.

ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும், ஆடிப்பெருக்குக்கு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம். அதிலும் சனி, ஞாயிறு வேண்டாம். ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே இருந்துவிட்டு, சனிக்கிழமை காலை திரும்பிவிடுவது. வேலைக்குப் போகிறவர்களால் முடியாத ஒன்று நம்மால் முடியும் என்றால் அது இந்தத் திங்கள்-வெள்ளிதான். அதை விட்டுவிட்டு வார இறுதியில் போய் அவர்களோடு முண்டியடிப்பானேன்?

இந்த முறை யாரிடமும் பேசுவதற்கு முன் டிக்கெட்டை எடுத்தேன். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே எடுக்கலாம். 2024 நவம்பரில் இருந்து 60 நாள் என்று குறைத்துவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது நல்லதுதான். நான்கு மாதம் கழித்து யார் வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும். இரண்டு மாதம் என்றால் ஓரளவு கணிக்கலாம். காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும், ஆதாரை இணைத்த கணக்கோடு ஏழே முக்காலுக்கே தயாராக உட்கார்ந்துவிட வேண்டும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான், ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர் என்பதுதான் அதில் நிபந்தனை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மதுரைக் கல்யாணத்துக்கு என் நாத்தனாரையும் சேர்த்து மூன்று பேரை ஒரே டிக்கெட்டில் போட்டேன். தப்பு என்னுடையதுதான். 60 தாண்டிய வயதில் மேல்படுக்கையில் ஏறி இறங்கியதில் முட்டி ஒரு வாரம் பேசியது. இந்தத் தடவை பொதிகை எக்ஸ்பிரஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், தாம்பரத்தில் ஏறி தென்காசியில் இறங்க, இரண்டும் கீழ்ப்படுக்கை.

டிக்கெட் கையில் வந்ததும் மற்றவர்களிடம் பேசும் தொனியே மாறிவிடுகிறது. "போகலாமான்னு பாக்கறோம்" என்று சொன்னால் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருக்கும். "27ஆம் தேதி போறோம்" என்று சொன்னால் ஏற்பாடு மட்டும்தான் பாக்கி.

மகளிடம் சொன்னேன். "என்னம்மா, ஸ்கூல் நடக்கறப்ப போறீங்களா?" என்றாள்.

"ஸ்கூல் இல்லாதப்ப அவன் நாள் பூரா எங்ககிட்டதானே இருக்கான். அப்ப எப்படிப் போறது?"

அவள் பதில் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளைதான் போன் செய்தார். "அத்தை, திங்களும் வெள்ளியும் நான் வீட்டுல இருந்து வேலை பாக்கறேன். நடுவுல மூணு நாள்தான் இடிக்குது." அந்த மூன்று நாளுக்கு ஆள் எங்கள் கட்டிடத்திலேயே இருந்தார்கள். மூன்றாம் மாடியில் எங்களைப் போலவே ஒரு தாத்தா, பாட்டி. அவர்கள் பேத்தியும் அதே ஸ்கூல். நேரே போய்க் கேட்டேன்: "இந்த ஜூலையில மூணு நாள் எங்க பேரனை நீங்க கூட்டிட்டு வாங்க. நீங்க எப்பப் போகணுமோ சொல்லுங்க, உங்க பேத்தியை நான் பாத்துக்கறேன்." அந்த அம்மாவின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று மூன்று வருடமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. மூன்று வருடமாக ஒரே கேட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாமியார் விஷயம்தான் எங்களுக்குப் பெரிய பயம். சேலையூரில் கொழுந்தனார் வீடு இருக்கிறது. ஆனால் மாமியாரை அங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரம் சமையலறையில் குசுகுசுவென்று பேசினோம். அவருக்குக் காது மந்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"என்னை எங்க விடறதுன்னுதானே பேசிக்கிறீங்க?"

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"பத்து நாளைக்கு சேலையூர்ல விடுங்க. அங்க சாயங்காலம் வாசல்ல உக்காந்தா நாலு பேர் முகம் தெரியும். இங்க உங்க ரெண்டு பேர் முகத்தையே எவ்வளவு நாள் பாக்கறது?"

நாங்கள் கேட்டது ஐந்து நாள். அவர் எடுத்துக்கொண்டது பத்து. லீவு தேவைப்பட்டது எங்களுக்கு மட்டும் என்று நினைத்தது எங்கள் புத்திசாலித்தனம்.

ஓரகத்திக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கண் சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்கு, டாக்டர் நம்பர், ராத்திரி பாத்ரூம் போகும்போது எந்த விளக்கு எரிய வேண்டும், இரண்டாவது மூக்குக்கண்ணாடி எந்தப் பையில். "எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். முதல் நாள் இரவே அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். அவளே சொன்னாள்.

கணவரை அசைப்பதுதான் கடைசி வேலை, கஷ்டமான வேலையும் அதுதான். "அந்த வாரம் டேங்க் கழுவணும்" என்று ஆரம்பித்தார். ஆபீஸ் பாஷையில்தான் அவரிடம் பேச வேண்டியிருந்தது. "சார்ஜ் ஹேண்ட் ஓவர் பண்ணுங்க." ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தண்ணி லாரிக்காரர் எண், மோட்டார் போடும் நேரம், லிஃப்ட் நின்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த வால்வு எந்த டேங்குக்கு, மின் கட்டண இணைப்பு எண்கள், சில்லறைச் செலவுக்கு உறையில் 3,000 ரூபாய். எழுத எழுத அவருக்கே ஆச்சரியம். அவர் தலையில் மட்டும் இருந்த கட்டிடம், 14 பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டாம் மாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பையனிடம் நோட்டைக் கொடுத்தோம். தீ, ஷாக், ஆஸ்பத்திரி, இந்த மூன்றுக்கு மட்டும் போன் செய்யச் சொன்னோம்.

குற்றாலத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 60 தாண்டியவர்களுக்குச் சில விஷயங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நிம்மதியாக நிற்கலாம். பத்து மணிக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைக்காது. புடவை வேண்டாம், நனைந்தால் ஈரத்தின் கனமே ஆளைச் சாய்க்கும். பருத்திச் சுடிதார்தான் சௌகரியம். சங்கிலி, கண்ணாடி, காது மெஷின் எல்லாம் ரூமில். கணவர் கண்ணாடியோடு போனார், கண்ணாடி இல்லாமல் வந்தார். எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு அனுமதி இல்லை, அதுவும் நல்லதற்கே, பாறை வழுக்குவது குறையும். மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். இன்றைக்கு இந்த அருவி, நாளைக்கு அந்த அருவி என்று அட்டவணை போடாதீர்கள். தண்ணீர் வரத்து கூடினால் போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் அப்படி ஆனது. அன்று சித்திர சபைக்குப் போனோம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவரெல்லாம் ஓவியம். ஒன்பதாம் வகுப்பில் எங்களை அங்கே கூட்டிப் போகவே இல்லை. வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மழையைப் பார்த்தோம். மங்குஸ்தான் வாங்கி உரித்துத் தின்றோம். மூன்று மணி இருபது நிமிடம் ஆனபோது என் கை தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது.

திங்களன்று கணவருக்கு ஏழு போன். செவ்வாய் மூன்று. புதன் ஒன்று, அதுவும் வால்வு எந்தப் பக்கம் திருப்புவது என்று. வியாழக்கிழமை போனே வரவில்லை. சாயங்காலம் ஐந்தருவியில் இருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு முறை போனை எடுத்துச் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் அவரே போட்டார்.

"எல்லாம் ஓகேவாப்பா?"

"ஓகே அங்கிள். டேங்க்கும் கழுவியாச்சு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். ரிடையர் ஆன மறுவாரம் என் பழைய சீட்டுக்குப் போன் செய்து, "அந்த ஃபைல் கிடைச்சுதா?" என்று கேட்டு, "அதெல்லாம் முடிஞ்சுதும்மா" என்ற பதிலைக் கேட்டவள் நான். அன்று இரவு அவரை ஆட்டோவில் ஏற்றிப் பார்டர் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் இரண்டு பிளேட் ஆனபிறகு முகம் தெளிந்தது.

ஒரு தப்பு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கி, பத்து மணிக்குப் பேரன் வந்து, ஈரத்துணி மூன்று ஈடு துவைத்து, மறுநாள் ஆடிப்பெருக்குக்கு ஐந்து வகைச் சாதம் கிளறினேன். திரும்பும் நாளுக்கும் அடுத்த கடமைக்கும் நடுவே ஒரு வெற்று நாள் விட்டிருக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்லாமல் விடுவது உத்தமம். சொன்னால் அந்த நாளும் போய்விடும். அடுத்த முறை ஊருக்கு ஒரு நாள் தள்ளித் தேதி சொல்லப்போகிறேன்.

செகரட்டரி பதவியை அவர் விடவில்லை. நோட்டு மட்டும் இரண்டாம் மாடியிலேயே இருக்கிறது.

செப்டம்பரில் மூன்றாம் மாடிக்காரர்கள் முறை. நான்கு நாள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கிளம்பினார்கள். அந்த நான்கு நாளும் 3.20க்கு என் இரண்டு தோளிலும் ஒவ்வொரு புத்தகப் பை. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது அந்தக் குட்டிப் பெண் கேட்டாள், "எங்க பாட்டி எப்ப வருவாங்க?"

"நாளை மறுநாள் காலையில வந்துருவாங்க" என்றேன்.

குச்சி ஐஸை நக்கிக்கொண்டே யோசித்தாள். "மெதுவாவே வரட்டும். நீங்கதான் தினமும் ஐஸ் வாங்கித் தர்றீங்க."